தபசுகாலத்துக் குளிசை

போன முறை நாங்கள் பழைய மாணவிகள் கூடியபோது என்ன கதைத்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? வகுப்பறைக் கதை, கன்னியாஸ்திரிமாரிடம் வாங்கிய அடி, மாமரத்தடி எல்லாம் கதைக்கத்தான் போனோம். கேக் வெட்டி முடிவதற்குள் கதை தைரொயிட்டில் வந்து நின்றுவிட்டது. ஒருத்திக்குக் கூடவாம், ஒருத்திக்குக் குறையவாம். குளிசை விழுங்கி எவ்வளவு நேரம் கழித்துத் தேத்தண்ணி குடிக்கலாம் என்று இரண்டு பேர் சண்டைகூடப் பிடித்தீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "உனக்கென்ன, ஒரு வருத்தமும் இல்லாத ராணி" என்று ஒருத்தி குத்தலாகச் சொன்னாள். ராணியும் இல்லை, ஒன்றும் இல்லை. நானும் காலையில் அதே குளிசையைத்தான் விழுங்குகிறேன். எனக்கு அந்தக் கதையை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போதும் தெரியவில்லை. சிறு வயதில் ஒரு வருடம் எனக்கு இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள் என்று தொடங்கினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முன்னைய காலம் அது. எங்கள் வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில், மாதா கோவில் மணியும் துறைமுகத்துச் சங்கும் ஒன்றையொன்று மிஞ்சப் பார்க்கிற ஓர் ஒழுங்கையில் இருந்தது. அப்பா ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கர். முன் அறையில் மாமி இருந்தார். அப்பாவின் மூத்த சகோதரி, கல்யாணம் செய்யாதவர், பூசை தவறாதவர். அந்த வீட்டில் அப்பா உழைத்தார், மாமி தீர்மானித்தார், அம்மா ஓடினார். அம்மா நடந்து நான் பார்த்ததே இல்லை. கிணற்றடியிலிருந்து குசினிக்கு ஓட்டம், குசினியிலிருந்து வாசலுக்கு ஓட்டம், ஓடும்போதே பாட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பாடல் பூசையில் அம்மாவின் குரல் மற்றக் குரல்களுக்கு மேலாலே போகும். எனக்கு அது பெரிய பெருமை.

முதலில் போனது அந்தக் குரல்தான். ஒருநாள் பின்னேரம் குசினிக்குள்ளிருந்து ஓர் ஆம்பிளைக் குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அப்பா வேளைக்கு வந்துவிட்டார் என்று ஓடிப்போனேன். அங்கே அப்பா இல்லை. அம்மா மட்டும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "அப்பா எங்கே?" என்று கேட்டேன். அம்மா துருவுவதை நிறுத்தி, என்னைப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்து, "வேலைக்கு" என்றார். அதே ஆம்பிளைக் குரல்.

அதற்குப் பிறகு எது முதலில், எது பிறகு என்று என்னால் வரிசைப்படுத்த முடியவில்லை. அம்மாவுக்குக் குளிரத் தொடங்கியது. கொழும்பில்! மற்றவர்கள் விசிறியும் கையுமாக வாசலில் இருக்க, அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, நுவரெலியாவில் வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருப்பார். முகம் ஊதியது. கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. புருவத்தின் வெளிப் பாதி உதிர்ந்து, பாதிப் புருவம் மட்டும் நின்றது. தோல் காய்ந்து, கையைப் பிடித்தால் சொரசொரவென்றிருக்கும். கேள்வி கேட்டுவிட்டு நான் முற்றத்துக்குப் போய் ஒரு சுற்றுக் கயிறடித்துவிட்டு வரலாம், பதில் அப்போதுதான் வரும். தேங்காய் துருவியபடியே ஒருநாள் நித்திரையாகிவிட்டார்.

பெரியவர்களுக்கு இதற்கெல்லாம் ஒரு விளக்கம் உடனே கிடைத்துவிட்டது. உடம்பு வைக்கிறது, எந்நேரமும் நித்திரை வருகிறது, முகம் ஊதுகிறது. வேறென்ன, அம்மா பிள்ளைத்தாய்ச்சி! பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணியை நான் உம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வேலிக்கு மேலால் மாங்காய் அச்சாறு நீட்டினார். "வாய்க்கு ருசியா இரிக்கும், தின்னுங்க புள்ள" என்றார். அம்மா இல்லையென்று தலையாட்டினார். வெட்கப்படுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். மாமி வெள்ளைத் துணியில் சின்னச் சட்டைகள் தைக்கத் தொடங்கினார். நான் தம்பிக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன்.

தம்பி வரவில்லை. மாதங்கள் போனதும் சட்டைகளை மாமி பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். தம்பி எங்கே என்று நான் கேட்டபோது வாயில் ஓர் அடி போட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வருவதாகச் சொல்லப்பட்டவன் வரவில்லை, இருந்த அம்மாவும் இல்லை. ஊதிய முகத்தோடு வேறு யாரோ ஒரு பெண் எங்கள் வீட்டில் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று நான் உண்மையாகவே நம்பினேன். சிரிக்காதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவும் செய்தது. பழைய அம்மா என் தலையை இழுத்து இழுத்து வாருவார், கண்ணீர் வரும். இவர் தன் தலையை என்னிடம் தந்துவிட்டுச் சும்மா இருப்பார். உதிர்கிற மயிரைச் சுருட்டிச் சுருட்டி நான் ஜன்னலில் வைப்பேன். செபமாலைக்கு நடுவில் நான் நித்திரையானால் எழுப்பமாட்டார். பக்கத்தில் போய்ப் படுத்தால் ஒதுங்கி இடம் விடுவார். இவ்வளவு காலம் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் கடைசியில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்ததுபோல இருந்தது.

பிள்ளைப்பேறு பொய்யானதும் மாமி அடுத்த முடிவுக்கு வந்தார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அம்மா இருக்கும்போதே அப்பாவிடம் சொன்னார்.

"தம்பி, நான் சொல்லுறனெண்டு குறை நினையாதை. இவவுக்கு வருத்தமுமில்லை, ஒண்டுமில்லை. சோம்பல். பழகிப்போச்சு. கொஞ்சக் காலம் மன்னாரிலை தமையன் வீட்டிலை போய் இருக்கட்டும். பிள்ளையைக் கொன்வென்ற் போடிங்கிலை விடுவம்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இஞ்சேரும், நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். அம்மாவின் பதில் வருவதற்குள் மாமி எழும்பிக் கை கழுவிவிட்டார், அப்பாவும் பின்னால் போய்விட்டார். வந்த பதில் எனக்கு மட்டும்தான் கேட்டது. "பிள்ளையை விட்டிட்டுப் போகமாட்டன்" என்று அந்தத் தடித்த குரல் சொன்னது. அதைச் சொன்ன பெண் யாராக இருந்தாலும் சரி, போகக் கூடாது என்று அன்றைக்கு நான் முடிவு செய்தேன். என் முடிவுக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு!

பெட்டி கட்டுவதற்கு முன் எனக்குச் சின்னமுத்து போட்டுவிட்டது. டொக்டரைக் கூப்பிட்டார்கள். பறங்கி மனிதர், உயரம், எங்கள் பகுதியில் எல்லா வீட்டுக்கும் வருகிறவர். என் நாக்கைப் பார்த்தார், முதுகைத் தட்டினார். அம்மா வெந்நீர் கொண்டுவந்து வைத்து, "காய்ச்சல் கூடவோ டொக்டர்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு டொக்டர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. வருத்தக்காரி நான், உடம்பெல்லாம் சிவந்து கிடக்கிறேன், அந்த மனிதர் அம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது.

அம்மாவைச் சாப்பாட்டு மேசைக் கதிரையில் முழந்தாளிட்டு இருக்கச் சொல்லி, பின்னால் நின்று குதிக்கால் நரம்பில் ஒரு ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் துள்ளின பாதம் திரும்பி வருவதற்கு நேரம் எடுத்தது. டொக்டர் இன்னொரு முறை தட்டி, அது மெதுவாகத் திரும்பி வருவதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "பழைய போட்டோ ஒண்டு இருக்கா?" என்றார்.

சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவை அப்பா கழற்றிக் கொடுத்தார். டொக்டர் அதை அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் அப்பாவும் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் பார்த்த முகம், அதனால் பார்க்கவே இல்லை. அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"டொக்டர், இது மூளைக் கோளாறோ?"

"நோ, நோ. சோம்பலும் இல்லை, பைத்தியமும் இல்லை. இந்தக் கழுத்துக்குள்ள தைரொயிட் எண்டு ஒரு சுரப்பி இருக்கு. அது வேலை நிப்பாட்டிப் போட்டுது. லாம்புத் திரியை இறக்கிவிட்ட மாதிரி. உடம்பு முழுக்க மெதுவாப் போகும். குளிரும், ஊதும், குரல் தடிக்கும், மலம் இறுகும், யோசனை வராது. இதுக்கு மருந்து இருக்கு."

"எவ்வளவு காலத்துக்கு?"

"உயிர் இருக்கும் வரைக்கும். சுகம் வந்திட்டுது எண்டு நிப்பாட்டக் கூடாது. சுகமா இருக்கிறதே அந்த மருந்தாலதான்."

இதை அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான் கேட்டேன், அப்பா கேட்டார், கதவோரம் நின்ற மாமியும் கேட்டார். கல்யாணப் போட்டோவை மற்ற டொக்டர்மாருக்குக் காட்ட வேண்டும் என்று டொக்டர் வாங்கிக்கொண்டு போனார். அது திரும்பி வரவேயில்லை. சுவரில் வெளுப்பான சதுரம் ஒன்று மட்டும் கனகாலம் இருந்தது.

கொழும்புக் கோட்டையில் ஒரு மருந்துக்கடையிலிருந்து அப்பா மண்ணிறக் கண்ணாடிப் போத்தல் ஒன்று கொண்டுவந்தார். உள்ளே மங்கல் நிறக் குளிசைகள். மூடியைத் திறந்தால் காய்ந்த இறைச்சி மணம் லேசாக வரும். ஆட்டின் கழுத்திலிருக்கும் அதே சுரப்பியைக் காயவைத்து, தூளாக்கிச் செய்ததாம். "ஆடோ!" என்று மாமி மூக்கைச் சுளித்தார். "ஞாயிற்றுக்கிழமை தின்னுறம்தானே அக்கா" என்று அப்பா சிரித்தார். இதயம் தாங்க வேண்டும் என்பதால் முதலில் பாதிக் குளிசை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

சில கிழமைகள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சால்வை கொடியில் தொங்கியது. அம்மாவின் நெற்றியில் வியர்வை. எங்கள் வீட்டில் வியர்வையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான். முகம் வற்றியது, புருவம் முளைத்தது, பதில்கள் கேள்விக்குப் பக்கத்தில் வந்து நின்றன. கடைசியாகக் குரல் வந்தது. மன்னார்ப் பெட்டியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அம்மா ஓடத் தொடங்கினார், என் தலையை இழுத்து வாரத் தொடங்கினார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பக்கத்தில் படுக்க இடம் விட்ட அந்த மற்றவரைத் தேடி நான் ஒருநாள் அழுதேன். என்னத்துக்கு அழுகிறாய் என்று அம்மா கேட்டார். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

பிறகு தபசுகாலம் வந்தது.

எங்கள் ஆட்களுக்குத் தபசுகாலம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுகம் கிடைத்ததற்காக அம்மா நேர்த்திக்கடன் வைத்திருந்தார். விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரைக்கும், தபசின் நாற்பது நாளும், இறைச்சி தொடுவதில்லை. விபூதிப் புதன் காலை அம்மாவும் மாமியும் நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து வந்தார்கள். அம்மா வழக்கம்போல் போத்தலை எடுத்து மூடியைத் திறந்தார். மாமி பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மச்சாள், அதுவும் ஆடுதானே?"

குத்திக் கதைக்கவில்லை. எனக்கு அந்தக் குரல் இப்போதும் கேட்கிறது. உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டார்.

அம்மா உள்ளங்கையிலிருந்த குளிசையைப் பார்த்தார். "ஓம், நான் நினைக்கேல்லை" என்றார். "கடவுளுக்குச் சொன்னது சொன்னதுதானே. இப்ப சுகமாத்தானே இருக்கிறன். உயிர்த்த ஞாயிறு அண்டைக்குத் தொடங்கிறன்."

குளிசையைப் போத்தலுக்குள் போட்டு, வீட்டுப் பீடத்தட்டில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் வைத்தார். அப்பா அதற்குள் வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. ஆம்பிளைகளிடம் சொல்கிற விஷயமாக அது ஒருவருக்கும் படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்றைக்கும் குழப்புகிறது. அம்மா திரும்பவும் மெதுவாகிக்கொண்டு போனதை ஏன் ஒருவரும் காணவில்லை? தபசுகாலத்தில் எல்லோரும் மெதுவாகத்தானே போவார்கள்! பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை, பூ இல்லை. பெண்கள் கறுப்பிலும் சாம்பல் நிறத்திலும் முக்காடு போட்டுக்கொண்டு குனிந்து நடப்பார்கள். கொடியிலிருந்த சால்வையை அம்மா எடுத்துப் போர்த்தினார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சுக் குறைந்தது, ஒறுத்தல் என்றார்கள். சாப்பாடு குறைந்தது, உபவாசம் என்றார்கள். முழந்தாளில் இருந்தால் எழும்ப மனமில்லாமல் இருந்தார், எவ்வளவு பக்தி என்றார்கள். கோவிலில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியபோது, சால்வைக்குள் அம்மா மூடுண்டு இருந்ததும் எனக்கு முறையாகத்தான் பட்டது. கோவில் வாசலில் பங்குச் சுவாமியார் என் கன்னத்தைத் தட்டி, "அம்மாவைப் பார்த்துப் பழகு பிள்ளை" என்றார். மாமிக்குப் பெருமை. சோம்பேறி என்று மன்னாருக்கு அனுப்பப் பார்த்த பெண்ணைப் புண்ணியவதி என்று இப்போது ஒழுங்கை முழுக்கச் சொன்னார். இரண்டு முறையும் அம்மா செய்தது ஒன்றைத்தான்.

பெரிய வெள்ளி மத்தியானம். கோவில் நிறைந்த சனம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம். ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி ஒப்பாரி தொடங்கியது. சுற்றிவர எல்லோரும் அழுதார்கள். அம்மா எனக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார், கையில் மெழுகுதிரி. கண் பாதி மூடியிருந்தது. திரி சரிந்து, உருகிய மெழுகு அம்மாவின் விரலில் விழுந்தது. நான் துடித்துப்போனேன், அம்மா அசையவில்லை. இன்னொரு துளி விழுந்தது. அதற்கும் கை அசையவில்லை.

"அம்மா, சுடுது" என்று தோளைப் பிடித்து ஆட்டினேன்.

பின்னாலிருந்த பெண் என் கையை எடுத்துவிட்டார். "சத்தம் போடாதை பிள்ளை. அம்மா ஆண்டவரோட இருக்கிறா. எவ்வளவு உருக்கம், பார்."

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அந்தப் புழுக்கத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில், கை சில்லிட்டிருந்தது. சொரசொரவென்றிருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். நான் தலை வாரிவிட்டவரின் கை அது. முகத்தைப் பார்த்தேன். பாதிப் புருவம்.

ஒப்பாரிக்கு நடுவில், நடுப்பாதையைக் கடந்து ஆண்கள் பக்கத்துக்கு ஓடினேன். யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"அப்பா, அம்மா திரும்பவும் அந்த அம்மாவாகிட்டா!"

வேறொருவருக்கும் இது விளங்கியிருக்காது. அப்பாவுக்கு விளங்கியது. எழும்பி வந்து அம்மாவைத் தூக்கினார். தூக்கியபோதும் அம்மா கண் திறக்கவில்லை. பீடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் ஒரு மர வாங்கில் கிடத்தி, டொக்டருக்கு ஆள் அனுப்பினார்கள். டொக்டர் வந்து நாடியைப் பிடித்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்து, "குளிசை குடிக்கிறாவா?" என்றார். அப்பா, "ஓம், ஒவ்வொரு நாளும்" என்றார்.

"இல்லை" என்று மாமி சொன்னார்.

எல்லோரும் திரும்பினார்கள். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விபூதிப் புதனிலிருந்து இல்லை. அது ஆடெண்டு... நேர்த்தியெண்டு..."

சுவாமியார் கறுப்புக் காப்பா அங்கியோடு வாசலில் நின்றார். "ஆரம்மா உங்களுக்குச் சொன்னது மருந்து இறைச்சியெண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை சுவாமி. நாங்களே நினைச்சம்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்..." என்று தொடங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். கோவில் வாசலில் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முடிக்காமல் விட்டுவிட்டார். டொக்டர் ஆங்கிலத்தில் ஏதோ கடுமையாகச் சொல்லிவிட்டு, காரைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு அம்மா செத்துப்போவார் என்று அந்த அறையில் நின்ற எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

சாகவில்லை. உயிர்த்த ஞாயிறு மணி அடித்தபோது ஆஸ்பத்திரியில் கண் திறந்ததாகச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் மணியோடு சேர்த்துச் சொல்லிப் பழகியவர்கள், ஆகவே அதை நான் முழுக்க நம்புவதில்லை. பல கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். திரும்பப் பாதிக் குளிசையிலிருந்து தொடக்கம். திரும்ப வியர்வை, திரும்பக் குரல். அந்த மற்றப் பெண் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. எது உண்மையான அம்மா என்று நான் இவ்வளவு வயதுக்குப் பிறகும் கேட்டுப் பார்க்கிறேன். ஓடினவரா, இடம் விட்டவரா? ஒரு சுரப்பியின் கூடுதல் குறைச்சல்தான் ஒரு மனிதர் என்றால், நான் யாரிடம் அவ்வளவு அன்பு வைத்திருந்தேன்? என் டொக்டருக்கு என் பேரன் வயது. இரத்தத்தைச் சோதித்து இலக்கம் சொல்கிறார். அவரிடம் இதைக் கேட்க முடியாது. "பெரிய வெள்ளியிலும் குடிக்கவேணுமோ?" என்று மட்டும் ஒருமுறை கேட்டேன். பாவம், கிழவிக்கு மறதி தொடங்கிவிட்டது என்று நினைத்து என் மகளைப் பார்த்தார்.

மாமி ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. ஆனால் அடுத்த வருடம் விபூதிப் புதன் வந்தது. பூசைக்கு முன் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாத காலம் அது. ஆகவே அம்மா பூசை முடிந்து வந்துதான் மருந்து எடுப்பார். அன்றைக்கு மாமி முந்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நாங்கள் வாசலில் ஏறும்போது ஒரு கையில் தண்ணீர்க் கோப்பையும் மற்றக் கையில் குளிசையுமாக நின்றார். இரண்டு பேரின் நெற்றியிலும் சாம்பல்.

"தாங்கோ மச்சாள்" என்று அம்மா கையை நீட்டினார்.

மாமி கையில் கொடுக்கவில்லை. குளிசைக்கு மேல் சின்னதாகச் சிலுவை போட்டார். "வாயைத் திற" என்றார். அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, சுவாமியாரிடம் நற்கருணை அப்பம் வாங்குகிறவர் மாதிரி நாக்கை நீட்டினார்.